முதலில் எண், பிறகு சடங்கு

கடிதம் ராஜா அண்ணாமலைபுரத்திலிருந்து வந்திருக்கிறது. எழுதியவர் ஒரு குடியிருப்போர் நலச் சங்கத்தின் செயலாளர். மழைக்காலத்துக்கு முன்னால் தன்னார்வலர் குழு ஒன்று அமைக்கிறார்களாம். கயிறு, டார்ச், மருந்துப் பெட்டி, ரப்பர் படகு வாடகை எல்லாம் பேசி முடித்தாகிவிட்டது. கூட்டம் கலையும் நேரத்தில், சுனாமியன்று சீனிவாசபுரத்தில் உடல்களைத் தூக்கிய பெரியவர் ஒருவர் எழுந்து, "உயிரோட இருக்கிறவங்களுக்கு எல்லாம் சொல்லிட்டீங்க, செத்தவங்களுக்கு என்ன பண்ணப் போறீங்க தம்பி?" என்று கேட்டிருக்கிறார். யாரிடமும் பதில் இல்லை. செயலாளர் மூன்று கேள்விகள் அனுப்பியிருக்கிறார். அடையாளம் தெரியாத உடல்களுக்கு எல்லா மதத்துக்கும் பொதுவாகப் பிரார்த்தனை நடத்தித் தகனம் செய்துவிடலாமா? எந்த மதத்தவர் என்று எப்படித் தெரிந்துகொள்வது? உடல் பைகள் இப்போதே வாங்கி வைக்கலாமா?

முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடுகிறேன். பிரார்த்தனை தாராளமாக நடத்துங்கள். தகனம் கூடாது. யாரென்று தெரியாத உடலை எரிப்பதைத் தன்னார்வலர் மட்டுமல்ல, அதிகாரியும் செய்யக் கூடாது. புதைத்த உடலைப் பிறகு எடுத்து, குடும்பத்தின் வழக்கப்படி எரித்துக்கொள்ளலாம். எரித்த உடலை யாரும் புதைக்க முடியாது. பத்து நாள் கழித்து ஒரு தாய் வந்து நின்றால் அவளிடம் கொடுக்கச் சாம்பல்கூடத் தனியாக இருக்காது. உலக சுகாதார நிறுவனமும் செஞ்சிலுவை அமைப்புகளும் சேர்ந்து 2006இல் வெளியிட்ட, முதலில் களத்துக்கு வருபவர்களுக்கான கையேடும் இதையே சொல்கிறது. நம் நாட்டுத் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் இறந்தவர்களைக் கையாள்வதற்கென்றே 2010இல் தனி வழிகாட்டி வெளியிட்டது. பேரிடர் குழுக்கள் பலவற்றில் இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. உங்கள் குழுவில் ஒருவராவது அதைப் படித்துவிடுங்கள்.

ஏன் எல்லோருக்கும் எரித்துவிடவோ குழிதோண்டிக் கொட்டிவிடவோ தோன்றுகிறது? பயம்தான் காரணம். சுனாமி வந்த 2004 டிசம்பர் 26, மார்கழிப் பௌர்ணமி, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிறு. கடற்கரையில் நடக்க வந்தவர்கள், கிரிக்கெட் ஆடிய பையன்கள், மீன் வாங்க வந்தவர்கள், மெரினாவிலிருந்து பட்டினப்பாக்கம் வரை குடிசைகளில் இருந்தவர்கள் என்று சென்னையில் 200க்கும் மேற்பட்டோர் போனார்கள். தமிழ்நாடு முழுவதும் சுமார் 8,000 பேர், அதில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேல். நாகையிலும் வேளாங்கண்ணியிலும் பொக்லைன் வைத்துத் தோண்டி, வரிசை வரிசையாகப் புதைத்தார்கள். தெருவெல்லாம் பிளீச்சிங் பவுடர். "காலரா வந்துடும், சீக்கிரம் மூடுங்க" என்பதுதான் எல்லோர் வாயிலும் இருந்தது.

அந்தப் பயத்துக்கு அடிப்படை இல்லை. நீரில் மூழ்கியோ, சுவர் விழுந்தோ, நெரிசலில் சிக்கியோ இறந்தவர் அந்த நேரம் வரை நம்மைப் போல நடமாடிக்கொண்டிருந்தவர். அவருக்குக் கொள்ளைநோய் இருந்திருந்தால்தான் அது பரவும். பெரும்பாலான கிருமிகள் உடல் இறந்தபின் அதிக நேரம் தாங்குவதும் இல்லை. பேரிடருக்குப் பிறகு நோய் பரவுவது முகாம்களில், கழிப்பறை இல்லாத இடத்தில், கலங்கிய குடிநீரில், உயிரோடிருப்பவர்களிடமிருந்து. இரண்டு விலக்குகள் உண்டு. கிணற்றிலோ குடிநீர்த் தொட்டியிலோ உடல் கிடந்தால் மலக்கழிவு கலந்து வயிற்றுப்போக்கு வரலாம், அதை உடனே எடுக்க வேண்டும். காலரா, எபோலா போன்ற நோயாலேயே இறந்தவர்களின் கதை வேறு, அங்கே சுகாதாரத் துறை சொல்வதுதான் சட்டம். மற்றபடி பிளீச்சிங் பவுடரும் சுண்ணாம்பும் உடல்மேல் தூவ வேண்டியதில்லை. சுண்ணாம்பு உடலை வேகமாக மக்கச் செய்வதும் இல்லை. தூக்குபவர்கள் கையுறையும் பூட்ஸும் போட்டு, வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். நாற்றம் நோய் தராது. அதற்காக முகக்கவசம் கேட்பவரிடம் கொடுங்கள், மனசுக்கு ஆறுதல்.

ஆக, புதைப்பதில் அவசரம் இல்லை. அவசரம் ஒன்றே ஒன்றில்தான்: படம் எடுப்பதில். நம் ஊர் வெயிலில் 12 முதல் 48 மணி நேரத்துக்குள் முகம் உருமாறிவிடும். அதன்பிறகு பெற்ற பிள்ளையைக்கூடத் தகப்பனால் அடையாளம் சொல்ல முடியாது. மதத்தை மதிப்பது என்று நாம் பேசும் அத்தனையும் இந்த முதல் சில மணி நேரத்தில் ஒரு நீர் புகாத சீட்டும் ஒரு எண்ணும் கட்டப்பட்டதா என்பதில் தொங்குகிறது. பெயர் தெரிந்தால் குடும்பம் வரும். குடும்பம் வந்தால் ஜமாஅத்தோ, பங்குத்தந்தையோ, வாத்தியாரோ தானாக வருவார்கள். எண் கட்டாமல் விட்ட உடலுக்கு எத்தனை மத குருமார்களை வரவழைத்து என்ன பிரயோஜனம்?

எண் போடும் முறை எளிது. இடம், குழு, வரிசை. "பட்டினப்பாக்கம்-அ-7" என்றால் பட்டினப்பாக்கத்தில் அ குழு எடுத்த ஏழாவது உடல். அந்த எண் வேறு எந்த உடலுக்கும் வரக் கூடாது. அதைப் பென்சிலாலோ அழியாத மார்க்கராலோ எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, மணிக்கட்டிலோ கணுக்காலிலோ கட்டுங்கள். பையில் வைத்தால் பையின் வெளியேயும் அதே எண். பிறகு படங்கள்: முழு உருவம், நேராக முகம், மச்சம், பச்சை குத்தியது, தழும்பு போன்ற தனி அடையாளங்கள், உடுத்திய துணி. ஒவ்வொரு படத்திலும் எண் தெரிய வேண்டும். முகத்தில் சேறு இருந்தால் ஈரத்துணியால் மெதுவாகத் துடைத்துவிட்டு எடுங்கள். எங்கே, எந்த நிலையில், எத்தனை மணிக்குக் கிடைத்தது என்று ஒரு வரி எழுதுங்கள். காவல்துறை வந்து பிரேத விசாரணை நடத்தி உடலைப் பொறுப்பேற்கும்போது, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 194ஆம் பிரிவின்படி அவர்கள் எழுத வேண்டியதில் பாதி அங்கேயே கிடைத்துவிடும். உங்கள் வேலை அதுவரைதான். யார் உடலை யாரிடம் ஒப்படைப்பது என்று முடிவு செய்யும் அதிகாரம் சங்கச் செயலாளருக்குக் கிடையாது.

படம் எடுக்க ஒரே ஒரு போன் போதும், அதை ஒரே ஒருவர் வைத்துக்கொள்ள வேண்டும். "குடும்பத்தார் பார்க்கட்டும்" என்று நல்லெண்ணத்தில் வாட்ஸப்பில் போட்டுவிடுகிறார்கள். அண்ணன் இறந்ததை ஒரு பெண் சமையலறையில் நின்றுகொண்டு குரூப் மெசேஜில் பார்க்க நேர்வது எந்த மதத்துக்கும் அவமரியாதைதான். அதைச் செய்பவரைக் குழுவிலிருந்து நீக்குங்கள், இதில் சமாதானம் பேச வேண்டாம்.

இரண்டாவது கேள்வி, மதத்தை எப்படித் தெரிந்துகொள்வது. தெரிந்துகொள்ள முயலாதீர்கள் என்பதுதான் என் ஆலோசனை. நம் ஊரைப் பற்றிக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஆகஸ்ட் கடைசியில் பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா கோயில் கொடியேற்றத்துக்குக் காவி உடுத்தி நடந்துபோகும் கூட்டத்தில் இந்துக்கள் எத்தனை பேர்! கழுத்தில் ஜெபமாலை, வீட்டில் முருகன் படம். நாகூரில் மந்திரித்த கயிறு கட்டிய மீனவர்கள் நொச்சிக்குப்பத்தில் இருப்பார்கள், அவர்கள் முஸ்லிம்கள் அல்ல. தாலியில் சிலுவை கோத்த கிறிஸ்தவப் பெண் பொட்டும் வைத்திருக்கலாம். மருத்துவக் காரணத்துக்காகச் சுன்னத்து செய்யப்பட்ட இந்துப் பையன்கள் எல்லாத் தெருவிலும் உண்டு. பூணூல் கொஞ்சம் உறுதியான தடயம் மாதிரித் தெரியும். அதுவும் சாதியைத்தான் சொல்கிறது, எந்தச் சாதி என்பதைக்கூடச் சரியாகச் சொல்வதில்லை. செல்வி, ராஜா, மேரி, பாபு என்ற பெயர்களை வைத்தும் ஒன்றும் தீர்மானிக்க முடியாது.

அதனால் கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுங்கள். "வலது மணிக்கட்டில் கறுப்புக் கயிறு, வெள்ளித் தாயத்து" என்று எழுதலாம். "முஸ்லிம் ஆண்" என்று எழுதக் கூடாது. அந்த ஒரு சொல் பதிவேட்டில் ஏறிவிட்டால், தேடி வரும் இந்துக் குடும்பத்துக்கு அந்தப் பக்கத்தையே யாரும் காட்ட மாட்டார்கள். தாலி, மெட்டி, அரைஞாண், மோதிரம், தாயத்து எதையும் கழற்றவோ அறுக்கவோ வேண்டாம். களவு போய்விடுமே என்ற கவலை நியாயமானது. கழற்ற வேண்டிய கட்டாயம் வந்தால் இரண்டு பேர் முன்னிலையில் கழற்றி, அதே எண் எழுதிய உறையில் போட்டு, உடலோடு சேர்த்துக் கட்டி, காவலரிடம் கையொப்பம் வாங்குங்கள்.

முகத்தைப் பார்த்து உறவினர் சொல்வதை மட்டும் நம்பவும் கூடாது. 2023 ஜூன் 2ஆம் தேதி ஷாலிமாரிலிருந்து நம் சென்ட்ரலுக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் ஒடிசாவின் பாலசோர் அருகே விபத்துக்குள்ளானது. 290க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். புவனேஸ்வர் எய்ம்ஸில் ஒரே உடலைப் பல குடும்பங்கள் தங்களுடையது என்று உரிமை கோரின. டிஎன்ஏ முடிவுக்காக வாரக்கணக்கில் காத்திருந்தார்கள். கடைசிவரை யாரும் உரிமை கோராத 28 உடல்களை அந்த அக்டோபரில் அங்கேயே தகனம் செய்தார்கள், சிதைக்குத் தீ வைத்ததில் பெண்களும் இருந்தார்கள். அதைச் செய்தவர்களின் மனதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் அந்த 28 பேரும் எரிக்கப்பட வேண்டியவர்கள்தானா என்பது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. புதைத்திருக்கலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

வயநாட்டில் அதைத்தான் செய்தார்கள். 2024 ஜூலை 30 நிலச்சரிவுக்குப் பிறகு, அடையாளம் தெரியாத உடல்களையும் உடற்பாகங்களையும் புத்துமலையில் தனித்தனிக் குழிகளில் வைத்து, டிஎன்ஏ மாதிரியின் எண்ணைக் கல்லில் எழுதினார்கள். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவ முறைப் பிரார்த்தனைகள் மூன்றும் அடுத்தடுத்து நடந்தன. மூன்றையும் கலந்து புதிதாக ஒன்றைத் தயாரிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். உங்கள் "பொதுப் பிரார்த்தனை" யோசனையைக் கொஞ்சம் திருத்தச் சொல்வது இதனால்தான். பங்குத்தந்தை தன் செபத்தைச் சொல்லட்டும், இமாம் தன் தொழுகையை நடத்தட்டும், ஓதுவாரோ வாத்தியாரோ தன் பங்கைச் செய்யட்டும். இறந்தவர் யாராக இருந்தாலும் அவருடையது அதில் ஒன்றாக இருக்கும். எதையும் நம்பாதவராகவும் இருக்கலாம், அவருக்கு ஒரு நிமிட மௌனம். பெரியார் வாழ்ந்த மண்ணில் அதையும் மறக்க வேண்டாம்.

தற்காலிகமாகப் புதைக்க நேர்ந்தால், அது உங்கள் முடிவாக இருக்காது என்றாலும், கேள்வி கேட்கும் அளவுக்கு விவரம் தெரிந்திருப்பது நல்லது. ஆழம் ஒன்றரை மீட்டர். குடிநீர் ஆதாரத்திலிருந்து குறைந்தது 200 மீட்டர். முடிந்தவரை ஒவ்வொருவருக்கும் தனிக் குழி. பள்ளமாகத் தோண்டினால் உடலுக்கு உடல் 40 செ.மீ. இடைவெளி விட்டு ஒரே அடுக்காக, ஒன்றின்மேல் ஒன்று அடுக்கக் கூடாது. உடலிலும் எண், மேலே நடும் கல்லிலும் அதே எண். உடலைக் குளிரில் வைக்க முடிந்தால் 2 முதல் 4 டிகிரி. குளிர்பதன லாரி கிடைக்காமல் உலர்பனி வந்தால், சுமார் 20 உடல்களைச் சுற்றி அரை மீட்டர் உயரத்துக்குச் சுவர் போல அடுக்க வேண்டும். ஒரு உடலுக்கு நாளொன்றுக்குக் கிட்டத்தட்ட 10 கிலோ பிடிக்கும். உடல்மேல் நேரடியாக வைத்தால் தோல் கெடும். மீன் மார்க்கெட் ஐஸ் வேண்டவே வேண்டாம். உருகி ஓடும், உடலும் சீட்டும் நாசமாகும், பார்க்கிற குடும்பத்துக்கும் அது மீன் மார்க்கெட்டாகத்தான் தெரியும்.

அடையாளம் தெரிந்த பிறகு குடும்பம் வரும். இங்கேதான் மத வழக்கங்கள் பற்றிய அறிவு உண்மையில் உதவும். முஸ்லிம் குடும்பம் கேட்பது மூன்று: சீக்கிரம் அடக்கம், குளிப்பாட்டிக் கஃபன் துணி அணிவித்துத் தொழுகை நடத்துவது, எரிக்காமல் இருப்பது. பெண்ணின் உடலைப் பெண்கள்தான் குளிப்பாட்டுவார்கள். பிணவறையில் பெரும்பாலும் ஆண் ஊழியர்களே இருப்பதால் இரண்டு பெண் தன்னார்வலர்களை முன்கூட்டியே தயார் செய்துவையுங்கள். உடல் சிதைந்து தேய்த்துக் குளிப்பாட்ட முடியாத நிலையில் இருந்தால், தண்ணீரை மேலே ஊற்றுவதற்கோ, அதுவும் முடியாவிட்டால் தண்ணீருக்குப் பதில் மண்ணால் தூய்மை செய்யும் தயம்மும் செய்வதற்கோ மார்க்கத்தில் இடமுண்டு. பையைத் திறக்கவே முடியாவிட்டால் பைமேலேயே கஃபன் சுற்றலாம். ஆனால் இதை நீங்கள் அவர்களிடம் பாடமாகச் சொல்லாதீர்கள். "இமாம்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க பாய்" என்று சொல்லி, நம்பரைக் கொடுத்துவிட்டு நகருங்கள். மார்க்கம் தரும் சலுகையை வேற்று மதத்தவர் வாயால் கேட்டால் அது சலுகையாகக் காதில் விழாது.

இந்துக்கள் என்றால் எரிப்பு என்று அதிகாரிகளே நினைத்துக்கொள்கிறார்கள். தமிழ்நாட்டில் புதைக்கும் சாதிகள் ஏராளம். லிங்காயத்துகள் புதைப்பார்கள், துறவிகளுக்குச் சமாதி வைப்பார்கள், பச்சைக் குழந்தையை யாரும் எரிப்பதில்லை. எனவே ஒவ்வொரு குடும்பத்திடமும் கேட்க வேண்டும்: "உங்க வழக்கம் என்ன?" வாய்க்கரிசி போட வேண்டும், நெய்ப்பந்தம் பிடிக்க வேண்டும், கொள்ளிக்குடம் உடைக்க வேண்டும் என்பார்கள். முகம் திறக்கும் நிலையில் இருந்தால் திறந்து காட்டுங்கள். இல்லாவிட்டால் ஒளித்துப் பேசாமல் சொல்லிவிட்டு, பைமேல் வாய்க்கரிசி போடச் சொல்லுங்கள், பெரியவர்கள் ஒத்துக்கொள்வார்கள். மயிலாப்பூர், மாம்பலம் பக்கத்து வைதீகக் குடும்பங்கள் மறுநாள் சஞ்சயனம் செய்ய அஸ்தி தனியாக வேண்டும் என்பார்கள். எரிவாயு மேடையில் அடுத்தடுத்து உடல்கள் போகும் நாளில் அஸ்திக் கலயத்திலும் அந்த எண்ணை ஒட்டாவிட்டால் யார் சாம்பலோ யார் கைக்கோ போகும். புயல் நேரத்தில் பட்டினப்பாக்கத்திலும் பெசன்ட் நகரிலும் கடலில் இறங்கப் போலீஸ் விடாது. அஸ்தியைப் பத்திரமாக வைத்திருந்து பிறகு கரைக்கலாம் என்று வாத்தியாரே சொல்வார். பட்டினப்பாக்கத்துக் குடும்பம் சாவு மேளமும் பூப்பல்லக்கும் கேட்டால், "இந்த நேரத்துல எதுக்குங்க" என்று முகம் சுளிக்காதீர்கள். அவர்களுக்கு அதுதான் மரியாதை.

கண்ணம்மாபேட்டை, கிருஷ்ணாம்பேட்டை, மயிலாப்பூர் கைலாசபுரம், பெசன்ட் நகர் என்று உங்களைச் சுற்றியுள்ள மயானங்களில் எத்தனை மேடை ஓடுகிறது, கட்டை அடுக்க இடமுண்டா, ஜெனரேட்டர் உண்டா என்று இப்போதே போய்ப் பார்த்துவிடுங்கள். ஒரு உடலுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். 2021 மே மாதம் கோவிட் இரண்டாம் அலையில் நின்ற வரிசை மறந்திருக்காது. கிறிஸ்தவர்களுக்குச் சாந்தோம் அருகே குயிபிள் ஐலண்ட் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அங்கே இட நெருக்கடி, குடும்பக் கல்லறையைத்தான் திறப்பார்கள். கத்தோலிக்கத் திருச்சபை 1963 முதல் தகனத்தை அனுமதிக்கிறது. அதைக் குடும்பம் ஏற்குமா என்பது வேறு விஷயம். ஜைனர்கள் முடிந்தவரை விரைவாக எரிக்க விரும்புவார்கள். சீக்கியர்களுக்கு ஜி.என். செட்டி சாலை குருத்வாராவில் கேளுங்கள். கட்டட வேலைக்கு வந்த ஒடிசா, ஆந்திரா, வங்காளத் தொழிலாளிகள்தான் உண்மையில் யாரும் நினைத்துப் பார்க்காதவர்கள். 2014 ஜூன் 28 அன்று மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் இறந்தபோது, அவர்களில் பலர் வெளிமாநிலத்தவர். தெலுங்கும் ஒடியாவும் இந்தியும் பேசத் தெரிந்த மூவரின் போன் நம்பர் உங்கள் பட்டியலில் எந்த ஸ்லோகப் புத்தகத்தைவிடவும் அதிகம் உதவும். உடலை விமானத்தில் ஊருக்கு அனுப்ப எம்பாமிங் சான்றிதழ் கேட்பார்கள். அதற்கு முன்பே டிஎன்ஏ மாதிரி எடுத்துவிட வேண்டும்.

பிரேதப் பரிசோதனை பற்றி ஒரு வார்த்தை. முஸ்லிம்களும் ஜைனர்களும் மட்டுமல்ல, நிறைய இந்துக் குடும்பங்களும் "கீற வேண்டாம்" என்று அழுவார்கள். சாவுக்கான காரணத்தில் சந்தேகமே இல்லாத இடத்தில் உடலைப் பரிசோதனைக்கு அனுப்பாமல் விட விசாரணை அதிகாரிக்குச் சட்டத்தில் இடமுண்டு. அதைச் சண்டையாக்காமல், ஆரம்பத்திலேயே எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். ஆனால் விபத்துக் காப்பீட்டுக்கும் சில சமயம் நிவாரணத்துக்கும் பரிசோதனை அறிக்கை கேட்பார்கள் என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிடுங்கள். கட்டடம் இடிந்தது, நெரிசல் போன்றவற்றில் யாரோ ஒருவர் மேல் வழக்கு வரும், அங்கே விலக்கு கிடைப்பது கடினம். எம்.ஜி.ஆர். நகரில் 2005 டிசம்பர் 18 அன்று வெள்ள நிவாரண டோக்கன் வாங்க வந்த 42 பேர் நெரிசலில் இறந்தது அந்த வகை.

நோய்ப் பயத்தில் மதத்தை மிதித்தால் என்ன ஆகும் என்பதற்குத் தூரம் போக வேண்டாம். இலங்கையில் 2020இலிருந்து 2021 பிப்ரவரி வரை கோவிட்டில் இறந்த முஸ்லிம்களையும் கட்டாயமாக எரித்தார்கள். புதைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும் கேட்கவில்லை. பிறந்து 20 நாளான குழந்தையைப் பெற்றோர் விருப்பத்துக்கு மாறாக எரித்தபோது, கொழும்பு பொரளை மயானத்தின் கம்பி வேலியில் மக்கள் வெள்ளைத் துணி கட்டினார்கள். பிறகு ஓட்டமாவடியில் புதைக்க அனுமதி வந்தது. 2024இல் அந்த நாட்டு அரசே மன்னிப்புக் கேட்டது. நம் ஊரும் சளைத்ததில்லை. 2020 ஏப்ரலில் சென்னையில் கோவிட்டில் இறந்த மருத்துவர் ஒருவரை அடக்கம் செய்யவிடாமல் ஆம்புலன்ஸைக் கல்லால் அடித்தது ஒரு கும்பல். இரவில் அவசரமாகப் புதைத்தார்கள். அவர் மனைவி நீதிமன்றம் போய், அடுத்த ஆண்டு கீழ்ப்பாக்கம் கல்லறையில் மறு அடக்கத்துக்கு உத்தரவு வாங்கினார். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு தமிழக அரசு, தொற்றுநோயால் இறந்தவரின் அடக்கத்தைத் தடுப்போருக்கு மூன்றாண்டு வரை சிறை என்று அவசரச் சட்டம் கொண்டுவந்தது. உங்கள் தெருவில் அப்படிக் கூட்டம் கூடினால் சங்கச் செயலாளர்தான் முன்னால் போய் நிற்க வேண்டும். குழுவில் சேர்பவர்களிடம் இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

உடலே கிடைக்காத குடும்பங்கள்தான் எல்லாவற்றிலும் பரிதாபம். 2017 ஒக்கிப் புயலில் கன்னியாகுமரிக் கடலோரத்தில் அதைப் பார்த்தோம். ஏழாண்டு காணாவிட்டால்தான் இறந்ததாகக் கொள்வது சட்டத்தின் பொது விதி. பேரிடர்களில் அரசு அதைத் தளர்த்துவது உண்டு. 2021 சமோலி வெள்ளத்துக்குப் பிறகும் அப்படிச் செய்தார்கள். காணாமல் போனவர் பற்றிய புகாரை உடனே காவல் நிலையத்தில் பதிவு செய்திருந்தால்தான் அந்த வழி திறக்கும். சடங்குக்கும் வழி உண்டு. தர்ப்பையில் உருவம் செய்து தகனம் செய்யும் முறை இந்துக்களிடம் இருக்கிறது. ஷாஃபி மரபு முஸ்லிம்களிடம் உடல் இல்லாமலே தொழும் காயிப் ஜனாஸா இருக்கிறது. கிறிஸ்தவர்கள் இரங்கல் திருப்பலி ஒப்புக்கொடுப்பார்கள். எப்போது செய்வது என்று குடும்பம் முடிவு செய்யட்டும். "எத்தனை நாள்தான் காத்திருப்பீங்க, முடிச்சிடுங்க" என்று அவசரப்படுத்த நமக்கு உரிமை கிடையாது.

தூக்குகிறவர்களை விட்டுவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். நாகையில் 2004இல் உடல்களை அகற்ற வெளியூர் நகராட்சிகளிலிருந்து துப்புரவுப் பணியாளர்களைக் கொண்டுவந்தார்கள். எல்லா மதத்து உடல்களையும் எடுத்துப் புதைத்ததில் தமிழ்நாடு முஸ்லிம் முன்னேற்றக் கழகத் தொண்டர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் வழக்கமாக இந்த வேலை யார் தலையில் விழும் என்பது நமக்குத் தெரியும். சடங்கில் தவறு வரக் கூடாது என்று பதறுகிற நாம், உடலைத் தூக்கிய மாநகராட்சிப் பணியாளருக்குக் கையுறை இருந்ததா என்று கேட்பதில்லை. உங்கள் பட்ஜெட்டில் கையுறைகள், பூட்ஸ், சோப்பு, குளிக்க இடம், சூடான சாப்பாடு இவை முதலில் வரட்டும். குழுவில் ஒருவர் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து இந்த வேலையில் நிற்க வேண்டாம். மறு வாரம் ஒருமுறை கூடிப் பேசுங்கள். தூக்கம் வராதவர்கள் இருப்பார்கள், அவர்களை மருத்துவரிடம் அனுப்புங்கள்.

வீடுகளுக்கும் ஒரு வேலை கொடுங்கள். சுனாமிக்குப் பிறகு தாய்லாந்தில் அடையாளம் காணப்பட்டவர்களில் பெரும்பாலோரை அடையாளம் காட்டியவை பல் பதிவுகளும் கைரேகைகளும்தான். ஒவ்வொரு குடும்பமும் ஆளுக்கொரு தாள் எழுதி வைக்கட்டும்: பல் தெரியச் சிரிக்கும் படம், பல் மருத்துவரின் பெயர், பழைய அறுவைச் சிகிச்சை, உடலில் வைத்த பிளேட் அல்லது திருகு, பச்சை குத்திய இடம், எரிப்பதா புதைப்பதா, யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும். பெரியவர்கள் "அபசகுனமா இருக்கே" என்பார்கள். ஆதார் கார்டோடு ஒரே உறையில் போட்டுவிட்டால் அவ்வளவாக எதிர்ப்பு வராது.

மூன்றாவது கேள்வி, உடல் பை. வாங்க வேண்டாம். மலிவுப் பைகள் வெயிலில் கிடந்தே உளுத்துப்போகும். அவற்றை மாநகராட்சியும் மருத்துவமனைகளும் கொண்டுவரட்டும். 1913க்கு அழைத்து உங்கள் வார்டு சுகாதார ஆய்வாளரின் பெயரைக் கேட்டு வாங்கி, ஒருமுறை நேரில் பாருங்கள். இலவச அமரர் ஊர்திக்கு 155377. ஆட்களையும் உடல்களையும் ஒரே வண்டியில் ஏற்றக் கூடாது, 108 ஆம்புலன்ஸ்கள் உயிரோடு இருப்பவர்களுக்கு. நீங்கள் வாங்க வேண்டியவை நூறு பிளாஸ்டிக் சீட்டுகள், ஒரு கட்டு நைலான் கயிறு, பத்து மார்க்கர், பத்துப் பென்சில், இருபது வெள்ளைப் பருத்திப் போர்வைகள், ஒரு நோட்டுப் புத்தகம். போர்வை வெள்ளையாக இருந்தால் எந்த மதத்தவருக்கும் உறுத்தாது. எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு முதல் மாடியில் வையுங்கள். தரைத்தளத்தில் வேண்டாம், 2015 டிசம்பரில் அடையாறு எதுவரை ஏறியது என்று கோட்டூர்புரத்தில் இருப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள். மார்க்கர்கள் காய்ந்துவிடும், ஆண்டுக்கொருமுறை மாற்றுங்கள்.